முதுமை போற்றுநர் பேரவை நடத்தி வைத்த கல்யாணம்

முதியோரை மதிப்பதில் உலகத்துக்கே வழிகாட்டத் தகுதியுள்ள ஊர் ஒன்று உண்டென்றால் அது நெய்வேலி டவுன்ஷிப்தான். பழுப்பு நிலக்கரி தெரிந்த அளவுக்கு இந்தச் சங்கதி வெளியே தெரியாமல் போனது நாட்டின் துரதிர்ஷ்டம். மண்ணுக்குள் கோடி வருஷம் கிடந்ததைத் தோண்டி எடுத்து எரித்துப் பிழைக்கிற ஊருக்குப் பழையதின் அருமை தெரியாமலா போகும்?

இந்தப் பெருமையைக் கட்டிக் காத்து வருவது 'முதுமை போற்றுநர் பேரவை'. அதன் பொதுச்செயலாளர் குமரவேல், வயது நாற்பத்தொன்று. 'வயது வெறும் எண்' என்பது பேரவையின் முழக்கம். நிர்வாகக் குழுவில் ஐம்பதைத் தாண்டியவர் யாரும் இருக்கக் கூடாது என்பது பேரவையின் விதி. பெரியவர்களுக்குச் சிரமம் கொடுக்கலாமா?

பேரவையால் இடைவிடாமல் போற்றப்பட்டவர்களில் செங்கமலமும் ஒருவர். வயது அறுபத்தொன்று. டவுன்ஷிப் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து முன்கூட்டியே ரிடையர் ஆனவர். சுரங்கத்தில் மோட்டார் நின்றாலும் சரி, ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தாலும் சரி, அந்தக் காலத்தில் முதலில் தெரிந்தது அவருக்குத்தான். கணவர் காலமான பிறகு ஐந்து வருஷமாக மகள் வளர்மதியின் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை சமுதாயக் கூடத்துக்குப் போய், முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நன்றாக மதிக்கப்பட்டுவிட்டு வீடு திரும்புவார்.

மதிப்பு என்றால் லேசுப்பட்ட மதிப்பில்லை. முதலில் பொன்னாடை. அப்புறம் சர்க்கரை இல்லாத பிஸ்கட், உப்பில்லாத சுண்டல், முடிவில்லாத உரை. ஒரு மாதம் 'முதியோரின் குரல்' என்ற தலைப்பில் கூட்டம் நடந்தது. செங்கமலம் தெரியாத்தனமாகக் கையைத் தூக்கிவிட்டார்.

"உக்காருங்கம்மா, உக்காருங்க! திடீர்னு எழுந்தா தலை சுத்தும்" என்று குமரவேல் பதறிப்போனார். "உங்க குரலா நானே பேசிடறேன்."

பேசினார். ஒன்றேகால் மணி நேரம்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் மெல்லச் சாய்ந்து, "உங்க கொரலு இவ்ளோ கட்டையா இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

செங்கமலம் பொன்னாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. மேடையிலிருந்து பார்த்த குமரவேல், அம்மா உருகி அழுவதாக எண்ணி மேலும் பத்து நிமிஷம் பேசினார்.

அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் சிவப்பிரகாசம். காடாம்புலியூர்க்காரர், சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். வயது அறுபத்து நாலு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் அருண்பிரசாத் புனேயில் இருக்கிறான். அடுத்த கூட்டத்துக்கு அவர் சட்டைப் பையில் வறுத்த முந்திரியோடு வந்தார்.

"நம்ம கொல்லையில காய்ச்சது. மொளகா, உப்பு தூக்கலா போட்டு வறுத்துக்கினு வந்தேன். அந்தத் தம்பி பாக்கறதுக்குள்ள வாயில போடுங்க."

மாதா மாதம் முந்திரி வந்தது. முந்திரியோடு பேச்சும் வந்தது. பேரவை உரைகள் நீண்டதால் இந்த நாட்டுக்கு விளைந்த ஒரே நன்மை இதுதான். கடைசியில் ஒருநாள், 'முதுமையில் அமைதி' என்ற உரை நடந்துகொண்டிருக்கும்போது சிவப்பிரகாசம் கேட்டேவிட்டார்.

"மாசத்துக்கு ஒருக்கா பக்கத்துல உக்காந்துகினு இருக்கறது கான்ட்ராக்ட் வேல மாதிரி இருக்குங்க. பெர்மனென்ட் பண்ணிக்கலாமா?"

செங்கமலம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். குமரவேல் "நிறைவாக" என்று தொடங்கியபோது யோசிக்க ஆரம்பித்தார். உரை நிறைவதற்குள் நிதானமாக, நாலா பக்கமும் யோசித்து முடித்து, "சரிங்க" என்றார்.

பிள்ளைகளிடம் சொன்னார்கள். அருண்பிரசாத் போனிலேயே தீர்த்து வைத்தான். "பேச்சுத்துணைதானேப்பா வேணும்? பெரிய டிவியா வாங்கி அனுப்பறேன்."

வளர்மதி பள்ளிக்கூட டீச்சர். பேரவை நடத்திய பட்டிமன்றத்தில் 'வயது ஒரு தடையே அல்ல' என்ற அணியில் பேசி முதல் பரிசு வாங்கியவள்.

"அது மேடைம்மா, இது வீடு" என்றாள். "வீடு போ போங்குது, காடு வா வாங்குது, இந்த வயசுல கல்யாணமா? ஸ்டாஃப் ரூம்ல என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? பேசாம வீட்டுல ஓய்வா இரும்மா."

ஓய்வு என்பது விடியற்காலையில் பாலுக்குப் போவதில் தொடங்கி, நாலு டப்பா கட்டி, துணி துவைத்து, பேத்தி அபியைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவந்து, சாயங்காலம் மாவு அரைப்பதில் முடியும். செங்கமலத்துக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் நான், எனக்கு ஒரு லைன் வேண்டுமென்றால் இன்னொருத்தியிடம் கெஞ்ச வேண்டுமா?

"வெள்ளிக்கிழமை கல்யாணம். வந்தா சந்தோஷப்படுவேன்" என்று மகளிடம் சொன்னார். மகள் பரீட்சைத் தாள் திருத்தப் போய்விட்டாள்.

சமுதாயக் கூடத்தில் சின்ன ஹாலை எடுக்க சிவப்பிரகாசம் போனார். புக்கிங் கிளார்க் அவருடைய நரைத்த தலையை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன விசேஷம்?"

"கல்யாணம்."

"அறுபதாம் கல்யாணம்" என்று சொல்லிக்கொண்டே கிளார்க் எழுதினார். "கொஞ்சம் லேட் போல?"

"லேட்டுதாங்க" என்று சிவப்பிரகாசம் ஒப்புக்கொண்டார்.

தமிழ்நாட்டில் அறுபது வயதுக்கு மேல் மனுஷன் கல்யாணம் செய்துகொள்ளலாம், தடையில்லை. மேளம் வைக்கலாம், மாலை மாற்றலாம், தாலிகூடக் கட்டலாம். பழைய மனைவிக்கே கட்ட வேண்டும், அவ்வளவுதான். கிளார்க்குக்கு வேறு கல்யாணம் எப்படித் தோன்றும்?

செய்தி குமரவேலுக்குப் போனது. அந்த மாதம் எதைப் போற்றுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதர் துள்ளிக் குதித்தார். முன்வரிசையில் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த ஐயாவும் அம்மாவும்தானே! புருஷன் பெண்டாட்டி என்பதைக் கேட்டுத்தானா தெரிந்துகொள்ள வேண்டும்? சின்ன ஹால் பெரிய ஹால் ஆயிற்று. நாதஸ்வரம், சாப்பாடு, பேனர் எல்லாம் பேரவையின் செலவு. பேனரில் 'இல்லறத்தின் இலக்கணம்: ஐயா, அம்மா' என்று போட்டிருந்தது.

"ஹோமம் வேணாம் தம்பி, மாலையும் தாலியும் போதும்" என்றார் சிவப்பிரகாசம்.

"புரியுதுங்கய்யா. புகை ஒத்துக்காது, வயசாயிடுச்சுல்ல" என்று குமரவேல் கனிவோடு தலையாட்டினார். வாழ்நாள் முழுக்க நிலக்கரித் தூசியைத் தின்ற சிவப்பிரகாசம் நேரே செங்கமலத்தைத் தேடிப் போனார்.

"இவங்க வேற எதையோ நெனச்சுக்கினு இருக்காங்க. சொல்லிடலாமா?" என்று கேட்டார்.

"நாம பொய் சொல்ல வேணாம். கேட்டா சொல்லுவோம்" என்றார் செங்கமலம்.

யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கெட்டிமேளம் முழங்க சிவப்பிரகாசம் தாலி கட்டினார். மூன்று முடிச்சையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து நிதானமாகப் போட்டார். "வயசுதான் காரணம்" என்று பின்வரிசையில் ஒருவர் பரிதாபப்பட்டார். செங்கமலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேரவையினர் ஜோடி ஜோடியாக வந்து காலில் விழுந்தார்கள். "உங்களை மாதிரியே நாங்களும் வாழணும்" என்று ஆசி கேட்டு வாங்கினார்கள். குமரவேல் இரண்டு தடவை விழுந்தார், ஒன்று போட்டோவுக்கு.

அந்த போட்டோ பேரவை வாட்ஸ்அப் குரூப் வழியாக வளர்மதியின் ஸ்டாஃப் ரூமுக்குப் போனது. தலைமையாசிரியை ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அப்பாவும் அம்மாவும் எவ்வளவு ஒத்துமைங்க! கொடுத்து வெச்சவங்க நீங்க." இறந்துபோன அப்பாவின் ஒத்துமைக்கு வாழ்த்து வாங்கிய வளர்மதி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்து வந்தாள். ஹாலில் நுழைந்ததும் 'இலட்சியத் தம்பதியின் மகள்' என்று நாலு பேர் கும்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். கும்பிடுகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

குமரவேல் தம்பதியின் நாற்பதாண்டு இல்லறத்தை அரை மணி நேரம் வர்ணித்தார். "இவர்கள் ஒருநாள்கூடச் சண்டை போட்டதில்லை" என்றார். அது உண்மைதான். பிறகு பேரவை வரலாற்றிலேயே முதல்முறையாக மைக்கை ஒரு முதியவரிடம் நீட்டினார்.

"அம்மா, இத்தனை நீண்ட தாம்பத்தியத்தின் ரகசியம் என்ன? ஒரே வார்த்தையில!"

செங்கமலம் மைக்கை வாங்கினார். எக்ஸ்சேஞ்ச் குரல் ஹால் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

"எனக்கும் தெரியலைங்க. கல்யாணம் ஆகி முக்கால் மணி நேரந்தான் ஆகுது. இவர் எனக்குப் புது வீட்டுக்காரர். நாங்க ரெண்டு பேருமே துணையை இழந்தவங்க."

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளி நழுவியது. பிறகு ஹாலில் எழுந்த சத்தம் சுரங்கத்தின் செகண்ட் ஷிப்ட் சங்கையும் அமுக்கிவிட்டது.

"சீ! பேரன் பேத்தி எடுத்த வயசுல!"

"நான் விழுந்த நமஸ்காரத்துக்கு என்ன பதில்?"

கை கழுவும் இடத்தில் அவசர நிர்வாகக் குழு கூடியது. காலில் விழுந்த உறுப்பினர்கள் விழாதவர்களாகவே கருதப்படுவார்கள் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. குமரவேல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார்.

"ஒண்ணும் கெட்டுப் போகலம்மா. சும்மா தமாஷுக்குச் சொன்னேன்னு மைக்ல சொல்லிடுங்க. நாற்பது வருஷம்னே நாங்க வெச்சுக்கறோம். உங்க மரியாதை குறையாம இருக்கும்."

"அந்த நாப்பது வருஷத்தை நானும் இவரும் வேற வேற வீட்டுல, நல்லபடியா வாழ்ந்து முடிச்சாச்சு தம்பி" என்றார் செங்கமலம். "இனிமே இருக்கறதுதான் எங்களோடது. அதையும் எங்க சார்பா நீங்களே வாழ்ந்துடப் பாக்கறீங்களா?"

குமரவேல் மைக்கை வாங்கி அணைத்துவிட்டார்.

சிவப்பிரகாசம் மாலையைக் கழற்றாமலே எழுந்தார். "வாங்க, நம்ம வூட்டுக்குப் போவலாம்."

வளர்மதி குறுக்கே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. கோபமா, பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"அம்மா, நான் ஊருக்குப் பயந்து சொல்லல. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த வயசுல புதுசா ஒரு குடும்பத்தை நடத்த உனக்குத் தெம்பு இருக்கா?"

செங்கமலம் மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"அஞ்சு வருஷமா உன் குடும்பத்தை நடத்திகிட்டு இருக்கேனே கண்ணு, அப்ப எல்லாம் என் வயசு உனக்கு ஞாபகமே வரலியா?"