மாமியாரின் பைபிளில் காணாமற்போன மக்கபேயர்

இயேசு மரி சூசை துணை

ஈஜோக்,
வியாழக்கிழமை.

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை பாஸ்டர் தனேஷ் அவர்களுக்கு, மாமனார் மதலைமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முட்டி வலியும் சுகம். அங்கே நீங்களும் என் மகள் ரெஜினாவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். மாதாவிடம் மன்றாடுவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். பழக்கத்தில் எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மனமில்லை.

உங்கள் மாமியார் பிலோமினா இறந்து வருகிற ஞாயிறோடு ஓராண்டு ஆகிறது. எஸ்டேட் கோயிலில் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு ரெஜினா வரமாட்டாளாம். "செத்தவங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி வேதத்துல எங்க இருக்கு, டேடி? காட்டுங்க, வர்றேன்" என்று போனில் கேட்டாள். குரல் அவளுடையது, கேள்வி உங்களுடையது.

காட்டத்தான் போன மாதம் பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் பெயிண்ட் கடை மாடியிலுள்ள உங்கள் சபைக்கு வந்தேன். நீங்களும் மரியாதையாக மைக்கைக் கொடுத்தீர்கள். மக்கபேயர் இரண்டாம் நூல், பன்னிரண்டாம் அதிகாரம், போரில் மாண்டவர்களின் பாவம் போக்கப் படைத்தலைவர் யூதா பலி கொடுக்கச் சொன்ன இடம் என்று கம்பீரமாக அறிவித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால், மல்கியா முடிந்த கையோடு மத்தேயு வந்து நிற்கிறார். எச்சில் தொட்டு முன்னே புரட்டுகிறேன், பின்னே புரட்டுகிறேன், மக்கபேயரைக் காணோம். அவசரத்தில் நான் தூக்கி வந்தது, எழுத்துப் பெரிதாக இருக்கிறதென்று ரெஜினா தன் அம்மாவுக்கு வாங்கிக்கொடுத்த உங்கள் சபைப் பைபிள்; எங்கள் பைபிளிலுள்ள மக்கபேயர் அதில் கிடையாது. உங்கள் டிரம்ஸ்காரர், "அங்கிள், நல்லா தேடிப் பாருங்க லா" என்றார். சபையே சிரித்தது. ரெஜினா மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

மைக்கில் வராததை இங்கே சொல்கிறேன். அந்தப் பைபிளின் பொருளடக்கத்தை எழுதியது யார், மாப்பிள்ளை? அட்டை போட்டு, ஜிப் வைத்து அது வானத்திலிருந்து விழவில்லை. இது வேதம், இது வேதமில்லை என்று பிரித்துச் சொன்னது திருச்சபை. அதற்கு அதிகாரமில்லை என்றால் உங்கள் கையிலுள்ள மத்தேயுவுக்கு யார் ஜாமீன்? உண்மைக்குத் தூணும் அடித்தளமும் திருச்சபைதான் என்று பவுல் திமொத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். அது உங்கள் பைபிளிலும் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அவரவர் வாசித்து அவரவர் புரிந்துகொண்டால் போதும் என்றீர்கள். அப்படிப் புரிந்துகொண்டுதானே போன வருஷம் உங்கள் சபை இரண்டாகி, கீபோர்டு பிரிந்தவர்களோடு அசாம் ஜாவா ஊருக்குப் போக, ஸ்பீக்கர் உங்களிடம் நின்றது? உங்கள் அப்பா, என் சம்பந்தி நடராஜாவிடம் நியாயம் கேட்டேன். அவர் நெற்றி நிறைய விபூதியோடு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாங்க வருஷா வருஷம் திதி குடுக்கிறோம் சம்பந்தி, எந்தப் புத்தகத்துல இருக்குன்னு ஒருத்தனும் கேட்டதில்ல. ஒரே சாமிய வச்சிக்கிட்டு நீங்க ஏன் இப்படி அடிச்சிக்கிறீங்க?" என்றார். அவர் என் கட்சியா, உங்கள் கட்சியா என்று இன்னும் விளங்கவில்லை.

உள்ளதைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. பிலோமினாவுக்காக ஜெபிக்க நான் இருக்கிறேன். எனக்காக ஜெபிக்க யார் இருக்கிறார்கள்? இருப்பது ஒரே மகள். செத்த பிறகு பாவம் கழிய உத்தரிக்கிற ஸ்தலத்தில் நான் பாட்டுக்குக் காத்துக் கிடப்பேன், இங்கே அவள் வேதத்தில் இல்லை என்று சும்மா இருந்துவிடுவாள். நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆகவே ஞாயிறன்று ரெஜினா தன் அம்மாவின் கல்லறையில் முழங்காலிட்டு அவளுக்காக ஒரு பரலோக மந்திரமாவது சொன்னாலொழிய, இனி உங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். இதுதான் முடிவு.

உங்கள் இருவருக்கும் சகல புனிதர்களின் ஆசீர், அவர்களைப் பிடிக்காவிட்டால் என் ஆசீர் மட்டுமாவது உண்டாவதாக.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்,
ம. மதலைமுத்து

பி.கு.: போதனையில் பிழை இருக்கிறதா என்று பார்க்க இதை எங்கள் கோயில் ஃபாதரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "எல்லாம் சரிதான். ஆனா இத அனுப்பாதீங்க. மகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வாங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அனுப்பக் கூடாதுன்னு வேதத்துல எங்க இருக்கு, ஃபாதர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தபோதுதான் என் வாயிலிருந்து வந்தது என்னவென்று உறைத்தது. இருந்தும் அனுப்புகிறேன், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம். தண்ணீர் சபதத்தைக் கைவிட்டேன். சனிக்கிழமை சாப்பிட வருகிறேன், குழம்பில் காரம் வேண்டாம். ஞாயிறன்று ரெஜினா வராவிட்டாலும் ஒன்றும் கேட்கமாட்டேன். நான் போன பிறகு மட்டும், எனக்காக அவள் ஒரு பரலோக மந்திரம் சொன்னால் தடுக்காதீர்கள் மாப்பிள்ளை. அது தப்பாக இருந்தால், அவளுக்காகப் பதில் சொல்ல நான் முன்னாலேயே அங்கே போய் நிற்பேன்.