இரண்டாவது கண்ணைத் தொட விடமாட்டேன்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் கர்த்தர் கிருபையால் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் மூவரில் ஒருவர் விஷயத்தில் அப்படி எழுத மனசாட்சி இடம் தரவில்லை. அந்த ஒருவர் உங்கள் தங்கை. நீங்கள் சிபாரிசு செய்த டாக்டர் அவளுடைய வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. வருகிற வியாழக்கிழமை இடது கண். தயவுசெய்து அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். காரணத்தை உட்கார்ந்து படியுங்கள்.

"தூரப் பார்வை எப்படி இருக்குன்னு நீங்களே கவனிச்சுச் சொல்லுங்க" என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். பொறுப்பைச் சரியான ஆளிடம்தான் கொடுத்தார். முப்பது வருடமாகக் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவன் நான், தலைமுடியைவிட மெல்லிய ஸ்பிரிங்கை வெறும் கண்ணால் எடுத்து மாட்டுகிறவன். ஒரு வார மழைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தது. காலையில் சர்ச், பிறகு கடலோரப் பாதையில் ஒரு நடை என்று உங்கள் தங்கையையும் எங்கள் வாயாடி மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பரீட்சை வைக்கிறேன் என்று அவளிடம் மூச்சு விடவில்லை.

சர்ச்சில் வேண்டுமென்றே கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டு எண் மாட்டும் பலகை எதிர்ச் சுவரில் வெறுமையாக இருந்தது. "நம்பர் என்ன போட்டிருக்கு?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "நூத்தி நாப்பத்தேழு" என்றாள். வெறும் பலகையைப் பார்த்துச் சொல்கிறாள் மச்சான். அடுத்த நிமிடம் சபை முழுவதும் எழுந்து நூற்று நாற்பத்தேழையே பாடியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பிரசங்கத்தின் நடுவில் என் காதில், "பாவம், ஐயா சவரம் பண்றப்ப காதுக்குக் கீழ வெட்டிக்கிட்டாரு போல, பிளாஸ்திரி ஒட்டியிருக்கு" என்கிறாள். அவ்வளவு தூரத்தில் போதகருக்கு முகம் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, இவளுக்குப் பிளாஸ்திரி தெரிகிறதாம். வெளியே வரும்போது கைகுலுக்கக் கிட்டப் போனேன். காதுக்குக் கீழே பிளாஸ்திரி இருந்தது. கைகுலுக்க மறந்து நின்றுவிட்டேன்.

கடலோரப் பாதைக்குப் போனோம். கடலும் வானமும் ஒரே நீலமாக, கோடு போட்டுப் பிரிக்க ஆளில்லாமல் கிடந்தன. இவள் சட்டென்று நின்று என் கையைப் பிடித்தாள். "கப்பலைப் பாருங்க. வெள்ளைக் கப்பல். மேல்தட்டுல யாரோ துணி காயப்போட்டிருக்காங்க." கப்பலும் இல்லை, கட்டுமரமும் இல்லை மச்சான். ஆனால் அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயாடி வேறு, "ஆமாம்மா, ஒரு சிவப்புச் சட்டைகூட இருக்கு" என்று ஒத்து ஊதினாள். தாயை நோகடிக்காத பிள்ளை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அப்புறம் தூரத்துப் பாறையில் ஒன்பது பறவைகள் என்று எண்ணினாள். "அது பாறையோட முனை" என்றேன். மச்சான், நான் சொல்லி வாய் மூடுவதற்குள் பாறையின் முனை பறந்து போய்விட்டது.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. பாதையின் கோடியில் நம் போதகர் கறுப்பு அங்கியோடு நிற்பதைக் கண்டு ஓடினேன். "ஐயா, என் வீட்டுக்காரி மனுஷங்க பாக்கக் கூடாததை எல்லாம் பாக்குறா, நீங்கதான் ஜெபம் பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டே போனேன். கிட்டப் போனதும் அது கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி நிமிர்த்தி வைத்த படகு. அந்த வெயிலில் யாருக்கும் அப்படித்தான் தெரியும். வாயாடி சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு கண்ணிலேயே இத்தனை. இரண்டாவதையும் திறந்துவிட்டால் இன்னும் எதையெல்லாம் பார்ப்பாளோ, அப்புறம் என்னைப் போன்ற சாதாரண மனுஷனோடு குடித்தனம் நடத்த அவளுக்கு மனம் வருமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே ஆபரேஷன் வேண்டாம். வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆண்டவர் நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: ஆபரேஷன் நடக்கட்டும். கடிதத்தை ஒட்டுவதற்குள் வாயாடி என்னைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துப்போனாள். கடைக்காரர் "அந்தப் போர்டைப் படிங்க" என்றார். "எந்தப் போர்டு?" என்றேன். சாயங்காலம் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மரத்தில் இலைகள் தனித்தனியாக இருக்கின்றன மச்சான், இதை யாரும் என்னிடம் சொன்னதே இல்லை. தெருமுனை திரும்பினேன். மூன்றாவது மாடி ஜன்னலில் உங்கள் தங்கை கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். மேலே போய், என்ன விசேஷம் என்று கேட்டேன். "தினமும் நீங்க போறப்பவும் வர்றப்பவும் காட்டுறதுதானே" என்றாள். இருபத்தாறு வருடமாக. "ரெண்டு வருஷமா எனக்குத்தான் உங்களைத் தெரியல. நீங்க திருப்பிக் காட்டாதது தெருவுல கூச்சம்னு நெனச்சேன், ஆனாலும் நான் காட்டிக்கிட்டே இருந்தேன்." இன்று காலை தெருமுனையில் நின்று நானும் கையை ஆட்டினேன். பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்தன. அடிக்கட்டும், இருபத்தாறு வருடத்துப் பாக்கி, கொஞ்ச நேரம் ஆகத்தான் செய்யும்.