தெம்பே டப்பாவும் என் பழுப்பு உறையும்

தாங்கெராங்,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய பார்யோனோ மச்சானுக்கு,

சலாம். சோலோ ஊரில் நீங்களும் அக்காவும் உங்கள் புறாக்களும் இறைவன் அருளால் நலமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் தங்கை வார்சினி மிக மிக நலம். அதைப் பற்றித்தான் இந்தப் புகார்.

முதலில் என் மானம் போன கதை. வயது முப்பத்தைந்துக்கு மேல் கூடாது என்று ஆலை வாசலில் எழுதியிருந்ததால், தலைக்கு டை அடித்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனேன். அங்கே மின்விசிறி ஓடவில்லை. கேள்வி கேட்ட பெண் கைக்குட்டையை நீட்டி, "ஐயா, காதோரமா வயசு வழியுது, தொடச்சுக்குங்க" என்றாள்.

நானும் வார்சினியும் ஒரே மோட்டார் சைக்கிளில் போய்வந்த ஷூ ஆலையை மூடியதிலிருந்து, பழுப்பு உறையில் சான்றிதழ்களோடு நான் நிற்காத வாசல் இல்லை. விண்ணப்பக் குவியலில் என் உறையை மேலாக வைக்கட்டும் என்று, அவள் சோயாவைப் புளிக்கவைத்துப் பொரித்துக் கட்டிக்கொடுத்த தெம்பேயைக் காவலாளிகளுக்கே கொடுத்தேன். டப்பா காலியாகத் திரும்பி வந்தது, உறைக்குப் பதிலே வரவில்லை. உங்கள் தங்கையோ வீட்டில் காலை நீட்டி டிவி பார்த்தாள். ஒருநாள் டார்மின் என்ற காவலாளி வீடு தேடி வர, நான் ஓடிப்போய்ச் சட்டை மாட்டினேன். "உங்களுக்கில்லண்ணே. அந்தத் தெம்பே பொரிச்சவங்க இருக்காங்களா? எங்க கேன்டீனுக்கு ஆள் வேணுமாம்." அவள் அங்கே சேர்ந்த அடுத்த வாரமே இன்னொரு ஆலையும் கூப்பிட்டது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாளாம், மச்சான். யோசிக்கிறாளாம். போய்விடுவாளோ என்று பயந்து டார்மினின் ஆலைக்காரர்கள் சம்பளத்தைக் கூட்டிவிட்டார்கள். என் மகள் ரெத்னோவுக்கு ஒரே சிரிப்பு: "அலைஞ்சது நீங்க, வேலை தெம்பேக்கா அப்பா?"

"என்னங்க, காலைல கொண்டுபோய் விடுறீங்களா?" என்று வார்சினி கேட்டாள்தான். "வேலை தேடுற ஆம்பளைக்கு அதுக்கெல்லாம் நேரமேது" என்று முறுக்கிக்கொண்டேன். இப்போது டார்மின் வண்டியில் போகிறாள். விழாமலிருக்க அவள் பிடித்துக்கொள்ளும் அந்த இடுப்பு, நான் கொடுத்த தெம்பேயில் பருத்தது.

ஆகவே உங்களுக்கு முதுகுவலி என்று எழுதி, தங்கையை உடனே ஊருக்கு அழைத்துக்கொள்ளுங்கள். வலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எல்லாருக்கும் என் சலாம், புறாக்களுக்கும்.

உங்கள் தங்கையின் கணவன் (தற்போது வகிக்கும் ஒரே பதவி),
துக்கிமான்

பி.கு.: முதுகுவலி வேண்டாம், நிமிர்ந்தே இருங்கள். இதை ஒட்டுமுன் வார்சினி வந்தாள். கேன்டீனில் கேஸ் சிலிண்டர் தூக்க ஆள் வேண்டுமாம், ஆள் எடுப்பது அவள்தானாம். "இந்த வேலைக்கு ஏன் வர்றீங்க?" என்று நேர்காணலே நடத்தினாள். "நல்லாத் தூக்குவேன்" என்றேன். திங்கட்கிழமை சேர்கிறேன், இருவரும் எங்கள் வண்டியிலேயே போகிறோம். முன்பு ஷூ ஆலைக்குப் போகும்போது பாலத்துக் குழிகளில் அவள் பிடித்துப் பிடித்துக் கசங்கிய என் சட்டை, இத்தனை மாதமாகக் கசங்காமலே கிடக்கிறது என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.