தோட்டா வேலைக்குப் போன கிரைண்டர்

இர்விங், டெக்சஸ்
விஜயதசமிக்கு மறுநாள், 1996

மரியாதைக்குரிய மச்சான் வேலுமணி அவர்களுக்கு,

நம் மாப்பிள்ளை சபரி அமெரிக்காவில் பார்ப்பது தோட்ட வேலை இல்லை, தோட்டா வேலை. துப்பாக்கித் தோட்டா. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துச் சொன்னால் நீங்கள் பாதிக் கடிதத்திலேயே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிவிடுவீர்கள்; அமெரிக்காவுக்கு நிமிஷத்துக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். மற்றபடி நானும் உங்கள் தங்கை புஷ்பவல்லியும் இங்கே சுகம். அங்கே அக்காவுக்கும் கிரைண்டர் பட்டறை ஆட்களுக்கும் ஒரு குறையும் வராமல் மருதமலையான் பார்த்துக்கொள்வான்.

தப்பு என் காதில்தான் என்று புஷ்பவல்லி சொல்கிறாள். நீங்களே நியாயம் சொல்லுங்கள். புறப்படும் முன் போன் போட்டு, "ஏனுங் மாப்ள, அங்கிருந்து என்ன கொண்டாரட்டுங்?" என்று கேட்டேன். லைனில் ஒரே இரைச்சல். "வீக்எண்ட்ல தோட்டா வேலை ஸ்டார்ட் பண்ணிருக்கேன் மாமா. நகைக்கடைத் தராசு ஒண்ணு, ரெண்டு சல்லடை, குட்டி இட்லித் தட்டு, அப்புறம் ரெண்டு கிலோ புளி" என்றார். எனக்குத் தோட்ட வேலை என்று கேட்டு மனசு குளிர்ந்துபோயிற்று. கம்ப்யூட்டர் தட்டுகிற பிள்ளை மண்ணில் கை வைக்கிறதே என்று. "தராசு எதுக்குங்?" என்றேன். "மருந்து வைக்கணும் மாமா. கொஞ்சம் கூடப் போச்சுன்னா டேஞ்சர்." சரிதானே? பூச்சி மருந்து கூடினால் செடி கருகிவிடும். "எவ்வளவுங் மாப்ள வைப்பீங்க?" "எல்லாம் கிரெய்ன்ஸ் கணக்கு மாமா." கிரெய்ன்ஸ் என்றால் தானியம் என்கிற அளவுக்கு எனக்கும் இங்கிலீஷ் உண்டு. சோளம் போடுகிறார் என்று முடிவு கட்டினேன். சல்லடை மண் சலிக்க, இட்லித் தட்டு நாற்று விட. புளி மட்டும் எதிலும் சேரவில்லை. ரசத்துக்கு இருக்கும் என்று விட்டுவிட்டேன். உங்கள் தங்கை தன் பங்குக்கு அவரை, புடலை, பீர்க்கன் என்று விதைப் பொட்டலம் கட்டிப் புடவை மடிப்பில் வைத்து, விமான நிலையத்தில் விதை ஏதாவது உண்டா என்று கேட்ட அதிகாரியிடம் "நோ நோ, ஒன்லி ஃபேமிலி" என்று சொல்லிக் கடந்து வந்தாள்.

வந்த மறுநாள் காலையில் காப்பி குடித்த கையோடு, "தோட்டத்தைக் காட்டுங்க மாப்ள" என்றேன். அவர் கார் நிறுத்துகிற கராஜைத் திறந்தார். புஷ்பவல்லி விதைப் பொட்டலத்தோடு பின்னால் நிற்கிறாள். உள்ளே ஒரு மேஜை. மேஜை என்றா சொன்னேன், அது எங்கள் மகள் எழிலரசியின் புத்தக அலமாரி, படுக்கப் போட்டுக் கால் வைத்திருக்கிறது. அதன்மேல் நான் சீராகக் கொடுத்த அஞ்சறைப் பெட்டி. கடுகு இருக்க வேண்டிய கிண்ணத்தில் ஈயக் குண்டு, சீரகக் கிண்ணத்தில் வேறு அளவுக் குண்டு. நேற்று நான் இறக்கிக் கொடுத்த குட்டி இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாகக் காலித் தோட்டா நிறுத்தியிருக்கிறது. பேரன் பிறந்தால் ஆகும் என்று போன வருஷம் கொடுத்தனுப்பிய வெள்ளிப் பாலாடையில் கறுப்பாக ஏதோ தூள். "அதென்னுங் மாப்ள?" என்று புஷ்பவல்லி கேட்டாள். "அதான் ஆன்ட்டி... சாரி, அத்தை, மருந்து. இந்த ஸ்பூனோட மூக்கு பெர்ஃபெக்ட். ஒரு கிரெய்ன் கூடச் சிந்தாது." மருந்து என்றால் வெடிமருந்து, கிரெய்ன் என்றால் குன்றிமணிக்கும் கீழான ஓர் எடை என்று அப்போதுதான் விளங்கியது. உங்கள் தங்கை பாலாடையையும் பார்த்தாள், கதவருகே நின்ற தன் மகளின் வயிற்றையும் பார்த்தாள், விதைப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இனிமேல்தான் உங்களுக்குக் கோபம் வரும், கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். மூலையில் நீங்கள் அமெரிக்கா கரண்டுக்கு என்று மோட்டாரை மாற்றிக் கட்டி அனுப்பிய கிரைண்டர். கல்லைக் கழற்றிவிட்டிருக்கிறார். டிரம்முக்குள் புளித் தண்ணீரும், சுட்டுத் தள்ளிய காலித் தோட்டாக்களும் கடகடவென்று சுற்றுகின்றன. எடுத்துச் சல்லடையில் அலசிக் காட்டினார். முப்பது வருஷம் பித்தளைப் பாத்திரம் விற்றவன் சொல்கிறேன், அப்படி ஒரு பளபளப்பு என் கடையில் ஒரு நாளும் இருந்ததில்லை. எல்லாம் பக்கத்து வீட்டு வெர்னன் என்கிற ரிட்டயர்டு பெரியவர் கற்றுக்கொடுத்த வித்தை. உங்கள் தங்கை அவரை வருணன் என்கிறாள். கிரீன் கார்டு வந்தால் எல்லாரும் வீடு வாங்குவார்கள், நம்மவர் வெர்னன் பேச்சைக் கேட்டுத் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். புதுத் தோட்டா விலை கட்டாது, காலிக்கூட்டைப் பொறுக்கி நாமே நிரப்பினால் பாதிதான் ஆகும் என்பது கணக்கு. "ஒரிஜினல் எக்விப்மெண்ட் ரொம்ப காஸ்ட்லி மாமா. வீட்ல சும்மா கிடக்கறதைத்தான் ரீயூஸ் பண்றேன்" என்றார். வியாபாரி என்ற முறையில் என்னால் ஒரு வார்த்தை குறை சொல்ல முடியவில்லை. மாமனார் என்ற முறையில் முகத்தைச் சுளித்து வைத்தேன்.

ஆனால் எழில் பெட்டி கட்டிவிட்டாள், மச்சான். விளையாட்டில்லை. நாங்கள் திரும்பிப் போகிற அதே விமானத்தில் தனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். போக மட்டும்தான், திரும்ப இல்லை.

"ரெண்டு மாசமா பிரெட் திங்கறேன்ப்பா. கிரைண்டர் கேட்டா 'ஒரு பேட்ச் ஓடுது எழில், வெயிட் பண்ணு'ங்கறார்."

"கழுவித் தர்றேன்னுதான சொன்னேன்" என்றார் மாப்பிள்ளை.

"ஈயம் ஒட்டின தோட்டா உருண்ட டிரம்முல உளுந்து ஆட்டணுமா? ஆட்டுங்க. ஆட்டி, உங்க வெர்னன் அங்கிளுக்கு தோசை ஊத்திக் குடுங்க. கவுன்ட்டியே காலியாகட்டும்."

"அம்மிணி, கொஞ்சம் பொறு கண்ணு" என்று உங்கள் தங்கை அழுகிறாள். "ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது? மாவாட்ட வழியில்லாம வந்துட்டான்னா சிரிக்க மாட்டாங்களா?"

கடையில் எத்தனை பேரத்தை முடித்தவன் நான், அந்த ஒரு டிக்கெட்டைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் ஆள் ஒருவர் நடுவில் வந்தால்தான் இது தீரும் என்று வெர்னன் வீட்டுக் கதவைத் தட்டினேன். "மை டாட்டர் கோயிங். யுவர் புல்லட், மை இட்லி, ஃபைட்டிங்" என்றேன். மனிதர் யாரோ செத்துவிட்டதாக நினைத்துத் தொப்பியைக் கழற்றிவிட்டார். பிறகு மாப்பிள்ளை வந்து விளக்க, நல்ல மனிதர், அந்த மேஜையை, அவர்கள் பாஷையில் பெஞ்சை, தன் கராஜிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கே நானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், கிரைண்டரையும் கூடவே இறக்கிவிட்டோம். இந்த வீட்டில் இனி தோட்டா இல்லை, துப்பாக்கி இல்லை, அந்தப் பேச்சே இல்லை. மாப்பிள்ளை தலையாட்டிவிட்டார். பாலாடை மட்டும் மீண்டது. அதையும் உங்கள் தங்கை மஞ்சள் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறாள். எழில் டிக்கெட்டை ஃபிரிட்ஜிலிருந்து இன்னும் கழற்றவில்லை என்றாலும், என் பேச்சை அவள் தட்டியதில்லை. ஆகவே அதே மோட்டார் போட்ட கிரைண்டர் ஒன்று, கல்லோடு, உடனே அனுப்பவும். ஒரு குடும்பத்தை நிமிர்த்திய நிம்மதியோடு இதை எழுதுகிறேன். அக்காவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் பட்டறைச் சக்கரங்கள் நிற்காமல் சுற்றட்டும்.

இப்படிக்கு,
வெள்ளியங்கிரி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் எழில் இதை வாங்கிப் படித்துவிட்டாள். "யாரைக் கேட்டுப்பா பெஞ்சைத் தூக்கிக் குடுத்தீங்க?" என்கிறாள். நீதானே கண்ணு கேட்டாய் என்றேன். "நான் கேட்டது கிரைண்டர். பெஞ்சையா கேட்டேன்?" விஷயம் இதுதான்: நாங்கள் பெஞ்சை இறக்கியபோது வெர்னனின் துப்பாக்கி கிளப் ஆட்கள் அங்கே நின்றிருந்தார்கள். பித்தளையின் பளபளப்பைப் பார்த்துவிட்டு என்னிடம் என்னென்னவோ கேட்டார்கள். நான் தேங்க்யூ, தேங்க்யூ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பின்னாலேயே வந்த என் எம்.காம். மகள் நின்று நிதானமாகப் பேசிக் கிரைண்டருக்கு ஆர்டர் எடுத்திருக்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதுவும் செல்லாது. பெஞ்சு திரும்ப நம் கராஜுக்கு வந்துவிட்டது, டிக்கெட்டை அவளே கேன்சல் பண்ணிவிட்டாள். முடிவான பேச்சு இது, மாற்ற முடியாது என்கிறாள்: கல் இல்லாத கிரைண்டர் இருபது, கல்லோடு ஒன்று, கூட ஒரு மூட்டை புளி, பாதிப் பணம் முன்னால், மீதி சரக்கு இறங்கியதும், கமிஷன் முழுக்க அவளுக்கு, எனக்குச் சல்லிக்காசு இல்லை, கல்லோடு வருகிற கிரைண்டர் சமையலறை வாசலைத் தாண்டாது, வாரம் இரண்டு தடவை அதில் உளுந்தும் அரிசியும் ஊறப்போட்டு, ஆட்டி, வழித்து, கழுவியும் வைப்பது மாப்பிள்ளை.