நிழல் அபிவிருத்தி

சிப்பிமுனையில் வெயில் அதிகம் என்பது மூன்று வருட ஆய்வின் பின் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. அதுவரை நாங்கள் சும்மா வேர்த்துக்கொண்டிருந்தோம்.

ஆய்வின்படி, எங்கள் கடற்கரையில் சனம் கூடுதலாக ஒதுங்கும் இடம் பூவரச மரத்தடி. ஆகவே, கடலோர நிழல் அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் தகர மண்டபம் அங்கேயே அமைய வேண்டும். பக்கத்தில் நின்று படம் எடுக்க, இதயம் வைத்த ஊர்ப் பெயர்ப் பலகையும் வரும். இதயம் இல்லாத ஊரை இப்போது ஒருவரும் ஊராக மதிப்பதில்லை. இவ்வளவுக்கும் இடைஞ்சலாக நின்றது அந்த மரம் ஒன்றுதான்.

மரத்தடியில் மீன் விற்பவர் இராசமலர் அக்கா. வெயிலில் வைத்தால் ஒன்பது மணிக்கே மீன் பழுதாகிவிடும். செய்தி கேட்டதும் கைகூடக் கழுவாமல் திட்ட உத்தியோகத்தர் தர்சனிடம் போனார்.

"தம்பி, மரத்தை வெட்டப் போறியளாமே?"

"ஓம் அம்மா. நிழல் தரத்தான்."

"அப்ப இப்ப இருக்கிறது என்ன?"

"அது தானா வந்தது. திட்டத்துக்குள்ள வராது. எழுபத்திரண்டு பேர் சம்மதிச்சிருக்கினம். முதல் கையெழுத்து உங்கட."

அக்கா தாளைப் பார்த்தார். அவருடையதேதான்.

"ஐஸ்பெட்டி குடுக்கினம் எண்டு நினைச்சு வைச்சனான், தம்பி."

இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. சண்டை முடிந்து ஊர் திரும்பிய நாளிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம். வாகனத்திலிருந்து யார் காகிதத்தோடு இறங்கினாலும் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றுவிடுவோம். தகரமும் கோழிக்குஞ்சும் சைக்கிளும் அப்படி வந்தவைதான். நாய்களுக்கு ஊசி போடப் பதிந்தபோது நாய் இல்லாதவர்களும் பதிந்தார்கள்.

"பாதிப் பேருக்கு மேல எழுத்தில மறுத்தால் நிப்பாட்டலாம்" என்றார் தர்சன். "வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்கோ."

அக்கா முதலில் போனது ஏரம்பு அண்ணையிடம். இருபது வருடமாக அந்த மரத்தின் கீழிருந்து காட்ஸ் விளையாடுகிற மனிதர்.

"கையெழுத்து வைச்சால் என்ன குடுக்கினம்?"

"ஒண்டும் குடுக்கேல்லை. மரம் தப்பும்."

"மரம் ஏற்கனவே இருக்குதுதானே, பிள்ளை. யோசிச்சுச் சொல்லுறன்."

மூன்று நாள் அலைந்து மூன்று கையெழுத்துச் சேர்ந்தது. அக்காவினது, அவருடைய கணவரினது, என்னுடையது. பொய் சொல்வானேன், என்ன தருவார்கள் என்று நானும் முதலில் கேட்டேன்.

வியாழக்கிழமை அக்கா நல்ல சேலை உடுத்தி, மகள் அருந்ததியின் பரீட்சை மட்டையில் மறுப்புக் காகிதத்தைச் செருகிக் கையில் பிடித்து, ஓட்டோவில் வந்து சந்தியில் இறங்கினார். "பதிவு நடக்குது. அடையாள அட்டையோட வாங்கோ!"

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் எண்பது கையெழுத்து. முதல் ஆள் ஏரம்பு அண்ணை. பக்கத்து ஊரிலிருந்தும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். தர்சன் எண்ணிப் பார்த்து மரத்தை விட்டுவிட்டார்.

மரம் தப்பியது, சரியாக ஒரு மாதம். பிறகு சனம் திரண்டு அலுவலகத்துக்குப் போனது.

"பதிஞ்சது இன்னும் வரேல்லை, ஐயா."

"என்ன வரேல்லை?"

"அது தெரியாது. ஆனா வரேல்லை."

விசாரணை நடந்தது. ஏமாற்றிப் பெற்ற கையெழுத்து செல்லுபடியாகாது என்று தீர்மானிக்கப்பட்டது.

"அப்ப நீங்கள் வாங்கினது?" என்று தர்சனிடம் கேட்டார் அக்கா. "அதையும் ஒருத்தரும் வாசிக்கேல்லையே."

"எங்கடையில சீல் இருக்கு, அம்மா."

திங்கட்கிழமை மரம் விழுந்தது. அன்றைக்கே விறகுக்குப் பதிவு என்று ஒருவர் காகிதத்தோடு இறங்கினார். உச்சி வெயிலில் வரிசை கடல்வரைக்கும் நீண்டது. இராசமலர் அக்கா பழுதான சூடை மீனைக் கடலில் கொட்டிவிட்டு வந்து எனக்குப் பின்னால் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பார்க்காமல் வரிசையில் முன்னே நகர்ந்தேன்.

ஏரம்பு அண்ணை சால்வையால் தலையை மூடிக்கொண்டு சினந்தார்.

"இவ்வளவு சனம் வந்து நிக்கிற இடம். ஒரு மரம் வைக்கவேணும் எண்டு இந்த அதிகாரிமாருக்கு அறிவிருக்கோ?"

"ஓம், ஓம்" என்று வரிசை முழுக்கத் தலையாட்டியது. நானும்தான்.