கை படாமல் டூல் மாற்றிய கரடி

ஒரு காட்டில் தாகத்துக்கு ஓர் அடிபம்பும் பெருமைக்கு ஒரு லேத்தும் இருந்தன. இரண்டில் எது இல்லாவிட்டால் காடு செத்துப்போகும் என்று கேட்டால், அந்தக் காட்டு மிருகங்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்லும். அவை யோசித்த லட்சணம்தான் இந்தக் கதை.

அந்த லேத், அதாவது கடைசல் மிஷின், நாச்சிமுத்து என்ற கரடியுடையது. மேசை மேல் உட்காரும் அளவுக்குச் சின்னது. கம்ப்யூட்டரில் அளவைப் போட்டுக் கொடுத்தால் இரும்பையும் பித்தளையையும் தானே கடைந்து தள்ளிவிடும் என்று கேள்வி. கேள்விதான். வாங்கிய நாளிலிருந்து கரடி அதில் செய்ததெல்லாம் பம்பரமும், பேனா மூடியும், அந்த லேத்துக்கே வேண்டிய குமிழ்களும். அதைச் செல்போனில் படம் பிடித்துப் பக்கத்துக் காடுகளுக்கு அனுப்பி, ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அடிபம்பு ஓடை காய்ந்துபோன இடத்தில் இருந்தது. அந்தக் காட்டில் கையால் எதையாவது பிடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று இந்தக் கரடி. இன்னொன்று தெய்வாத்தாள் என்ற மந்தி. கரடிக்கு ஆராய்ச்சி இருந்ததால் பம்பு அடிக்கும் வேலை மந்தியின் தலையில் விழுந்தது. வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு மந்தி அடிக்கும். மானும் காட்டுப்பன்றியும் முயலும் வரிசையில் நின்று குடிக்கும். குடித்துவிட்டு, "இன்னைக்குத் தண்ணி கொஞ்சம் உப்பாட்ட இருக்குது" என்று குறை சொல்லிவிட்டுப் போகும். நன்றி சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது.

ஒரு கோடையில் பம்பின் கைப்பிடி ஆட ஆரம்பித்தது. கைப்பிடி ஏறி இறங்கும் அச்சைச் சுற்றி ஒரு பித்தளை வளையம் இருக்கும். புஷ் என்பார்கள். அது தேய்ந்து, பிளந்து, ஒருநாள் கைப்பிடியே கழன்று மந்தியின் காலில் விழுந்தது. தண்ணீர் நின்றது. வரிசையில் நின்றவை மந்தியின் காலைப் பார்க்கவில்லை. "நமக்கு முந்தியே நின்னுபோச்சு பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டு கலைந்தன.

மந்தி நொண்டிக்கொண்டே மலையடிவாரத்துக்குப் போனது. அங்கே ஒரு காயலாங்கடையின் கூரையைப் பிரித்து இறங்கி, ஒரு பித்தளைத் தண்டை எடுத்துக்கொண்டது. கடை நாய் வாலில் பாதியைக் கடித்து எடுத்துக்கொண்டது. மிச்ச வாலோடும் தண்டோடும் மந்தி நேராகக் கரடியின் குகைக்கு வந்தது.

"ஏனுங்கண்ணா, இதுல ஒரு புஷ் கடைஞ்சு குடுத்துட்டீங்கன்னா போதுமுங். இந்தத் தண்டு ஒரு புஷ்ஷுக்குத்தான் பத்தும். குட்டி நேத்துலருந்து பாலுக்கு அழுவுது. எனக்கே தண்ணி இல்லாம பால் எங்கிருந்துங் சுரக்கும்?"

கரடி தண்டை வாங்கி உருட்டிப் பார்த்தது. "இதென்ன அம்மணி பெரிய வேலை. வெளிய கடையோணும், துளை போடோணும், துளைய அளவுக்குப் பெருசாக்கோணும், கடைசில வெட்டி எடுக்கோணும். வேலைக்கு ஒண்ணா நாலு டூலு. நாளைக்குக் காலைல வா, கையில குடுத்தர்றேன்."

கொடுத்தும் இருக்கும். அன்று சாயங்காலம் கிட்டுச்சாமி என்ற முள்ளம்பன்றி வராமல் இருந்திருந்தால்.

கிட்டுச்சாமிக்குச் சொந்தமாக லேத் கிடையாது. லேத்தைத் தொட்டதும் கிடையாது. ஆனால் எந்தக் காட்டில் யார் எதைக் கடைந்தாலும் அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் கைவசம் வைத்திருக்கும்.

கரடி சொன்ன புஷ் வேலையைக் கேட்டுவிட்டு, "நாலு டூலயும் எப்படி மாத்துவ?" என்று கேட்டது.

"ஒவ்வொண்ணா கழட்டி மாட்டறதுதான். திருகு கழட்ட ஆலன் கீ இருக்குதல்ல."

"கையாலயா?"

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு முள்ளம்பன்றி வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தது. பிறகு குரலைத் தணித்தது. "ஏப்பா நாச்சிமுத்து, கம்ப்யூட்டர் லேத்த வெச்சுக்கிட்டு கையால டூல் மாத்தறயா? வெளிய சொல்லிராத. பக்கத்துக் காட்டுலயெல்லாம் டரெட் போட்டுட்டாங்க. எல்லா டூலும் ஒரே சக்கரத்துல உக்காந்திருக்கும். கேட்ட டூல் தானே சுத்தி வந்து நிக்கும். ஊட்டுலயே செஞ்சுக்கறாங்க."

கரடிக்கு மானமே போய்விட்டது. மறுநாள் காலையில் மந்தி கையை நீட்டியபோது கரடி தலையை ஆட்டியது.

"இல்ல அம்மணி. முதல்ல டரெட்டு. அது ஆயிருச்சுன்னா பொறவு கை படாம நூறு புஷ் வந்து விழும்."

"எனக்கு நூறு வேண்டாமுங். ஒண்ணு போதுமுங்."

"உனக்குத் தொலைநோக்கு இல்ல அம்மணி."

தொலைநோக்கு உள்ள கரடி வேலையை ஆரம்பித்தது. லேத்தில் இருந்த டூல் பிடிக்கும் கட்டையைக் கழற்றி மூலையில் போட்டது. செத்துப்போன ஜெராக்ஸ் மிஷினிலிருந்து ஒரு மோட்டாரைப் பிடுங்கியது. கனமான இரும்புச் சக்கரம் ஒன்றில் சுற்றிலும் டூல்களைச் செருகியது. மோட்டார் சக்கரத்தை முன்னால் சுற்றும். வேண்டிய டூல் வந்ததும் கொஞ்சம் பின்னால் தள்ளும். அப்போது சக்கரத்தின் பல் ஒரு கொக்கியில் போய் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். யோசனை நல்ல யோசனைதான், அதில் குறை சொல்ல முடியாது. பூட்டிக்கொண்டால்.

பூட்டிக்கொள்ளவில்லை. துளை போடும் டூலைக் கேட்டால் வெட்டும் டூல் வந்தது. ஒருவழியாகச் சரியான டூல் வந்தாலும் நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்காமல் முடியளவு தள்ளி நின்றது. முள்ளம்பன்றி தினமும் வந்து பார்த்தது. முதலில் மோட்டார் போதாது என்றது. மோட்டாரை மாற்றியதும் ஸ்பிரிங் போதாது என்றது. ஸ்பிரிங்கை மாற்றியதும், "நான் அப்பவே சொன்னேன், டிசைனே தப்பு" என்றது. அப்போது அது சொன்னது வேறு, ஆனால் கரடிக்கு அதெல்லாம் நினைவில்லை.

மந்தியும் தினமும் வந்தது. பாறை இடுக்கில் ஊறிய ஈரத்தை நக்கிவிட்டு வரும். குட்டி அழுவதை நிறுத்தியிருந்தது. அது அழுததைவிட மந்திக்கு இதுதான் பயமாக இருந்தது.

"அண்ணா, அந்த மூலைல கெடக்கற பழச மாட்டி ஒண்ணே ஒண்ணு கடைஞ்சுருங்கண்ணா."

"மறுபடி பழசுக்கா? முன்னேறிட்டிருக்கறப்ப பின்னால இழுக்காத அம்மணி."

இதற்குள் மற்ற மிருகங்களும் குகை வாசலில் கூடத் தொடங்கின. பம்பில் நின்ற வரிசை அப்படியே இங்கே வந்து நின்றது. குட்டியின் பாலைக் கெடுக்கும் என்று மந்தி தொடாத, பச்சை நாற்றமடிக்கும் கல்குவாரிக் குட்டைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து, சக்கரம் 'கிர்ர்' என்று சுற்றி 'டக்' என்று நிற்பதை வாய் பிளந்து பார்த்தன. கைதட்டக் கையில்லாதவை குளம்பைத் தட்டின. எதையும் கடையாத லேத்துக்கு இவ்வளவு மரியாதை வேறு எந்தக் காட்டிலும் கிடைத்திருக்காது.

கடைசியில் குறை எங்கே என்று தெரிந்தது. சக்கரத்தின் அச்சு ஆடியது. அதன் அளவும் பம்பின் அச்சின் அளவும் ஒன்றுதான். "அச்சுக்கு ஒரு பித்தளை புஷ் போட்டா அப்படியே நிக்கும்" என்றது முள்ளம்பன்றி. கரடி சுற்றுமுற்றும் பார்த்தது. மேசை மேல் மந்தியின் தண்டு கிடந்தது.

பிறகு நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். கரடி மூலையில் கிடந்த பழைய கட்டையை எடுத்து லேத்தில் மாட்டியது. ஆலன் கீயை எடுத்தது. வெளியே கடைந்தது, டூலைக் கழற்றி மாட்டியது. துளை போட்டது, கழற்றி மாட்டியது. துளையைப் பெரிதாக்கியது, கழற்றி மாட்டியது. வெட்டி எடுத்தது. வெயில் ஏறுவதற்குள் புஷ் தயார். முள்ளம்பன்றி பக்கத்திலேயே நின்று, கரடியின் செல்போனை வாயில் கவ்வி வெளிச்சம் காட்டியது. கையாலயா என்று கேட்கவில்லை.

மந்தி வந்தபோது தரையில் பித்தளைத் துருவல் மின்னியது.

"ஏனுங்கண்ணா, என்ற தண்டு எங்கீங்?"

கரடி சக்கரத்தைப் பெருமையோடு காட்டியது.

"அப்ப கையாலயே டூல் மாத்தித்தான் கடைஞ்சீங்களா?"

"இது கடைசித் தடவ அம்மணி. இனிமேல் கையால மாத்தவே கூடாதுங்கறதுக்காகத்தான் கையால மாத்தினேன். நீ இன்னொரு தண்டு கொண்டா, கை படாம கடைஞ்சு தர்றேன்."

மந்தி தன் அரை வாலைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு இந்த இடத்தில் கரடியைத் தூக்கி அந்த லேத்திலேயே மாட்டிச் சுற்றவிட வேண்டும் போல ஆத்திரம் வருகிறது. நீதிக்கதை சொல்கிறவன் நிதானமாக இருக்க வேண்டுமாம். இருக்கிறேன்.

அன்று சாயங்காலமே திறப்பு விழா. நோம்பித் திருவிழாவுக்குக் கூடுவதுபோலக் காடே கூடியது. கரடி வாசலில் நின்று கை படாத உலகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அது பேசும்போதே மந்தி எல்லார் கண்முன்னாலும் மேசைக்குப் போனது. ஆலன் கீயை எடுத்தது. சக்கரத்தைக் கழற்றி, புஷ்ஷை உருவிக்கொண்டு, சக்கரத்தை முன்போலவே அச்சில் சாத்திவிட்டு நடந்தது. விழாவில் இதுவும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்து எல்லாம் குளம்பைத் தட்டின. பேசி முடித்த கரடி பொத்தானை அமுக்கியது. சக்கரம் ஒரு தள்ளாட்டம் தள்ளாடிக் கரடியின் காலில் விழுந்தது.

அந்த நேரத்தில் காட்டின் நடுவில் பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது.

மிருகங்கள் பம்புக்கு ஓடின. மந்தி குடித்து முடித்திருந்தது. குட்டி மார்பைப் பற்றிச் சப்பிக்கொண்டிருந்தது. மந்தி அவை எல்லாவற்றுக்கும் அடித்துக் கொடுத்தது. எல்லாம் வயிறு முட்டக் குடித்தன. நியாயம் பேசத் தெம்பு வேண்டுமல்லவா? குடித்து முடித்ததும் விசாரணை வைத்தன.

"நம்ம காட்டுக்கு ஒரு பேரு வர்ற நேரத்துல இப்படிப் பண்ணிப்போட்டயே" என்றது மான், தாடையில் தண்ணீர் சொட்ட.

"வளர்ச்சியத் திருடினவளுக்கு இங்க எடமில்ல" என்றது முள்ளம்பன்றி.

மந்தி குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டது. "ஆகட்டுங். என்ற குட்டி குடிச்சிருச்சு. நான் போறேனுங்" என்று சொல்லிவிட்டு நடந்தது. பக்கத்துக் காட்டுக்குப் போய்ப் பார்த்தால் அங்கே டரெட்டும் இல்லை, லேத்தும் இல்லை. ஓர் ஓடை இருந்தது.

மறுநாள் காலையில் பம்பின் முன்னால் வழக்கம்போல வரிசை நின்றது. பம்பு நன்றாக இருந்தது. கைப்பிடி ஆடவில்லை. அடிக்கத்தான் ஆளில்லை. எல்லாம் கரடியைப் பார்த்தன. கரடி காலில் கட்டோடு நின்று தன் இரண்டு கைகளையும் பார்த்தது.

"கையாலயா?" என்றது முள்ளம்பன்றி.

கரடி சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டது. "தானா அடிக்கிற மிஷின் ஒண்ணு செஞ்சர்லாம்" என்றது. உடனே வேலையும் ஆரம்பித்தது. மோட்டார் இருந்தது, சக்கரம் இருந்தது. பித்தளையில் ஒரு புஷ் மட்டும் குறைந்தது. தேடிப் பார்த்ததில், பம்பின் கைப்பிடியிலேயே புத்தம் புதிதாக ஒன்று இருந்தது. கரடி அதைக் கழற்றிக்கொண்டு போனது. வரிசையில் நின்றவை காய்ந்த நாக்கோடு குளம்பைத் தட்டின.

நீதி: குழந்தைகளே, உங்களுக்குக் கை இருந்தால் அதைக் கைதட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து வேலை செய்தால் தண்ணீரைக் குடித்துவிட்டு உங்களைத் துரத்திவிடுவார்கள்.