மாப்பிள்ளை காட்டிய அருவி

"என் மகளைக் கட்டி ஆறு வருஷம் ஆச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை எங்கயாச்சும் கூட்டிப் போயிருக்கீங்களா மாப்பிள்ளை?" என்றாள் வீரம்மா.

"இப்பப் படத்துக்குத்தானே போறோம் அத்தை."

"அதுவும் நான் கேட்டதால."

வாடகைக் காரின் முன் சீட்டில் இருந்தான் அழகன். இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவுக்காக நான்கு முறை தேயிலைத் தோட்ட ஆபீஸ் கிராணியாரிடம் போய் நின்றிருந்தான். நான்காவது காரணம்தான் எடுபட்டது. நேற்றே பொகவந்தலாவைக்கு வந்து, மாமியார் வீட்டில் தங்கி, காலையில் மாமியாரையும் மனைவி மீனம்மாவையும் ஹட்டனுக்குக் கிளப்பியிருந்தான்.

"எங்க தோட்டத்து அருவியைப் பார்த்திருக்கீங்களா அத்தை?" என்றான் ரோசத்துடன். "டிரைவரண்ணே, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் திருப்புங்க."

திருப்பியதில் பணியாரப் பொட்டலம் அவிழ்ந்து உருண்டது. அவன் குனிந்து பொறுக்கும்போது, எதிரே தப்பு மேளச் சத்தத்தோடு ஒரு லொறி கடந்து போனது.

"எங்கயோ எழவு," என்றாள் வீரம்மா. "லொறி நிறைய சனம். குடுத்து வச்ச சீவன். நான் செத்தா தூக்குறதுக்கு நாலு பேரு வருவாங்களோ என்னமோ."

அருவி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பாறை மட்டும் இருந்தது.

"இதுதானா?"

"மத்த நாள்ல தண்ணி தேயிலை ஸ்டோர் மிஷின் ஓட்டப் போயிரும். ஞாயித்துக்கிழமை மிஷினுக்கு லீவு, முழுசும் இங்கதான் விழும். பதினோரு மணி ஆகட்டும்."

பதினொன்று ஆனது. பாறையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது.

"கிட்டப் போனா நல்லாத் தெரியும்."

கிட்டப் போனார்கள். பாறை நன்றாகத் தெரிந்தது. மீனம்மாவின் காலில் மூன்று அட்டைகள் ஏறின.

"படத்துக்கு நேரமாச்சுங்க," என்றாள் அவள்.

"பத்து நிமிஷம் பொறு. தண்ணி வராம எங்க போகும்?"

ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுத்தார்கள். படம் போயிற்று.

அட்டைக்கு உப்பு வாங்க ரோட்டோரத் தேநீர்க் கடைக்கு இறங்கினார்கள். கடையைப் புதிதாக எடுத்திருந்த நூர்தீன் உப்பும் டீயும் கொடுத்தார்.

"நாநா, இந்த அருவி எப்பத்தான் விழும்?" என்றாள் வீரம்மா.

"இன்னைக்கு விழாது. மேல மதகு திறக்க ஆளில்ல. யாரோ மதகுக்கார அழகனாம், அவனோட மாமியா நேத்துப் பொகவந்தலாவையில மவுத்தாப் போச்சாம், பாவம். அவனுக்குப் பதிலா நிக்க வேண்டிய ஆளு மொதக்கொண்டு தோட்டமே எழவுக்குப் போயிருச்சு."

மீனம்மா அழகனைப் பார்த்தாள். அழகன் பாறையைப் பார்த்தான்.

வீரம்மா டீயை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எத்தனை லொறி போச்சு?"

"மூணு."

வீரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளைக்கு ஒரு வடை குடுங்க நாநா."